ங்க போட்டால் ஓடாத மேக்ரோ

"எங்க மெஷின்ல ஓடுதுங்களே."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உச்சி மண்டை சூடாகிவிடும். உங்கள் மெஷினில் ஓடுகிறது, சரி. உங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதற்காக அடுத்த வீட்டில் கேஸ் தீர்ந்துபோனது பொய்யாகிவிடுமா? ஆனால் அலுவலகங்களில் இதைத்தான் தீர்ப்பாகச் சொல்கிறார்கள். எங்கள் மெஷினில் ஓடுகிறது, ஆகவே தப்பு உங்கள் மெஷினின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளின் மேல். அந்த ஆள் ஒரு பெண்ணாகவும், ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவராகவும் இருந்துவிட்டால் விசாரணையே தேவையில்லை.

நான் சிங்காநல்லூரில் ஒரு கோழிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில், கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கம்பெனி பண்ணைக்காரர்களுக்குக் குஞ்சும் தீவனமும் கொடுக்கும். அவர்கள் தங்கள் ஷெட்டில் வளர்த்துத் திருப்பித் தருவார்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் எங்களுக்குக் கிளை அலுவலகங்கள். தினமும் சாயங்காலம் கிளையில் இருப்பவர் ஒவ்வொரு பண்ணைக்கும் போன் போட்டு, நாளைக்குத் தீவனம் வேண்டுமா என்று கேட்டு எக்செல்லில் போட வேண்டும். அதை வைத்து மறுநாள் காலை லாரி கிளம்பும்.

அந்தப் பட்டியலைத் தயார் செய்ய முன்பெல்லாம் பெரிய கூத்தே நடக்கும். ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார், இன்னொருவர் போனில் ஒப்பிப்பார், நான் தட்டச்சு செய்து செய்து விரல் தேய்ந்தேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் மேக்ரோ எழுதக் கற்றுக்கொண்டேன். மேக்ரோ என்றால் ஒன்றும் மாயமில்லை. எக்செல்லுக்குள்ளேயே நாம் எழுதி வைக்கும் கட்டளைகள். ஒரு பட்டனை அமுக்கினால் வரிசையாக அதுவே எல்லாவற்றையும் செய்துவிடும். நான் வைத்தது பச்சைப் பட்டன். மதிய இடைவேளையில் ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் மவுஸுமாக எழுதினேன். "பி.காம் படிச்சவங்களுக்கு எதுக்குங்க அம்மணி இந்த வேலையெல்லாம்" என்று சிரித்த மேனேஜர், அது ஓட ஆரம்பித்ததும் "நம்ம ஆபீஸ் சாப்ட்வேர்" என்று முதலாளிகளிடம் காட்டினார். அந்த "நம்ம" எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் கம்ப்யூட்டரில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. கிளைகளுக்கு அனுப்பியதும்தான் வினை ஆரம்பித்தது. எங்கள் கம்பெனியில் ஒரு கம்ப்யூட்டரைப் போல இன்னொன்று கிடையாது. ஒன்று புதுசு, ஒன்று யாரோ கழித்துக் கட்டியது, ஒன்று வெளிநாட்டில் இருக்கும் மருமகன் கொண்டுவந்து கொடுத்தது.

மருமகன் கொடுத்த லேப்டாப் சோமனூரில் இருந்தது. அதில் தேதி அமெரிக்க முறையில் வைக்கப்பட்டிருந்தது, மாதம் முன்னால், நாள் பின்னால். ஏப்ரல் ஐந்தாம் தேதி ஷெட்டில் விட்ட குஞ்சுகளை மேக்ரோ மே நான்காம் தேதி விடப்போகும் குஞ்சுகளாக எடுத்துக்கொண்டது. இன்னும் வராத குஞ்சுக்கு எதற்குத் தீவனம் என்று அதுபாட்டுக்குப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டது. கணினியின் அமைப்பில் நாட்டை மாற்றினேன், சரியாகிவிட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஆண். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மெஷின் கோளாறுங்க" என்றார் மேனேஜர். அதை நான் நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

பல்லடத்தில் இருந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல். பல்லடம் ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் கம்பெனியின் பொரிப்பகத்தில் குஞ்சுகளைத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. முழங்கால் வலி தாங்காமல், தட்டச்சு கற்றுக்கொண்டு, கெஞ்சாமல் சண்டை போட்டே அந்த நாற்காலியை வாங்கியவர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார். "இந்தச் சேருல உக்காந்தப்பறம்தான் கண்ணு எனக்கு ரெண்டு காலு இருக்குதுன்னே மறந்துபோச்சு."

ஒரு இடிமழையில் பல்லடத்துக் கம்ப்யூட்டர் போய்ச் சேர்ந்தது. தலைமை அலுவலகத்தின் ஸ்டோர் ரூமில் தூசி தின்றுகொண்டிருந்த பழைய ஒன்றைத் துடைத்து அனுப்பினார்கள். கம்ப்யூட்டரும் பழசு, அதிலிருந்த எக்செல் அதைவிடப் பழசு. அன்று சாயங்காலமே அக்காவின் போன் வந்தது.

"பச்சைப் பட்டன அமுத்துனா என்னமோ லைப்ரரியக் காணோமுங்குது கண்ணு."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கக்கா."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். முடித்துவிட்டு, "பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற லைப்ரரி இல்லீங்களே?" என்றார். சிரித்துவிட்டேன். கம்ப்யூட்டர் சொன்ன லைப்ரரி வேறு, மேக்ரோ துணைக்குக் கூப்பிடும் இன்னொரு சாப்ட்வேர். லாரிப் பட்டியலை மெயிலில் அனுப்புவதற்காக என் மேக்ரோ புது அவுட்லுக்கைப் பெயர் சொல்லித் தேடியது. அங்கே இருந்ததோ பழைய அவுட்லுக். இருப்பது எதுவோ அதை எடுத்துக்கொள் என்று மாற்றி எழுதி அனுப்பினேன். அடுத்து ஒரு மஞ்சள் பட்டை வந்து, மேக்ரோவைத் தடுத்திருக்கிறேன் என்றது. அதையும் போனிலேயே கடந்தோம். பச்சைப் பட்டன் வேலை செய்தது. எரர் எதுவும் வரவில்லை. நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

எரர் வந்தால் பயமில்லை. அது வாய் திறந்து ஏதோ ஒன்றைச் சொல்கிறது. எரரே வராமல் தப்பாக ஓடுகிற மேக்ரோதான் ஆளைக் கவிழ்க்கும்.

அந்த வாரத்திலேயே பல்லடம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். தீவனம் கேட்டவர்களில் பாதிப் பேருக்கு லாரி போயிருக்கிறது, பாதிப் பேருக்குப் போகவில்லை. பட்டினி கிடக்கும் கோழி ஒன்றை ஒன்று கொத்த ஆரம்பிக்கும். ஒரு பண்ணைக்காரர் தலைமை அலுவலகத்துக்கே பேசினார். அப்போதும் "ஏனுங்க, முந்தாநாளே சொல்லிப்போட்டேனுங்களே, லாரி வரலைங்களே, கொஞ்சம் பாருங்க" என்று அவ்வளவு பணிவாகக் கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மேனேஜர் என் கம்ப்யூட்டருக்கு வந்தார். பல்லடத்துக்கு நான் அனுப்பியிருந்த அதே பைலைத் திறக்கச் சொன்னார். தீவனம் வேண்டுமா என்று நிரப்பும் கட்டத்துக்குள் கர்சரை வைத்தார். பக்கத்தில் சின்ன அம்புக்குறி வந்தது. அதைத் தட்டினால் ‘வேணும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டே சொற்கள் இறங்கும். ஆங்கில எழுத்தில்தான் வைத்திருந்தேன். மேக்ரோ எழுதும் ஜன்னலில் தமிழ் எழுத்தைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் விழும். மேனேஜர் ‘வேணும்’ என்பதைத் தேர்ந்தெடுத்தார், பச்சைப் பட்டனை அமுக்கினார். பட்டியல் பிழையில்லாமல் வந்தது.

"பாருங்க. நம்ம மெஷின்ல ஓடுதுங்களே."

"அக்கா அங்கே அம்புக்குறியே காணோம்னு போன்ல சொல்லிட்டே இருக்காங்க சார்."

"இத்தாப் பெருசு இருக்குது, காணோமுங்களாமா? வயசாகிப் போச்சுங்க அம்மணி, கண்ணு மங்கியிருக்கும். திங்கக்கிழமையிலிருந்து அந்தச் சேருக்குப் புதுசா ஆள் போட்டர்றேனுங்க. அவங்க பழையபடி பொரிப்பகத்துக்கே போகட்டும்."

எங்கள் ஊரில் ஒருவரின் நாற்காலியைப் பிடுங்கும்போதும் இப்படித்தான் மரியாதையாகப் பிடுங்குவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோமனூரில் தேதி புரண்டபோது மெஷின் கோளாறு, பல்லடத்தில் லாரி போகாவிட்டால் கண் கோளாறா? நான் நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றேன். "எதுக்குங்க வீண் அலைச்சல், வேண்டாங்க" என்றார். லீவு எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் பல்லடம் பஸ் ஏறினேன். ஜன்னல் ஓரம் கிடைத்தும் எந்தக் காற்றும் என்னைக் குளிர்விக்கவில்லை. மேனேஜரிடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் சூலூர் தாண்டும்வரை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

அக்கா டீ வாங்கி வைத்திருந்தார். அவரிடம் மேனேஜர் ஏற்கனவே போனில் விஷயத்தைச் சொல்லியிருந்தார். முகத்தில் அழுகை இல்லை, உர்ரென்று இருந்தது.

"உக்காரு கண்ணு. நீயே உன்ற கண்ணால பாரு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்தேன். அம்புக்குறி வரவில்லை. அடுத்த கட்டத்தில் வைத்தேன். இல்லை. மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. எனக்காக அல்ல, இவ்வளவு நாளாக ஒரு மனுஷி உள்ளதை உள்ளபடி சொல்லியும் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லையே என்பதற்காக.

காரணம் பிறகு பிடிபட்டது. அந்த இரண்டு சொற்களை நான் பைலின் வேறொரு ஷீட்டில் ஒதுக்குப்புறமாக வைத்திருந்தேன். புது எக்செல் அங்கே போய் எடுத்துக்கொண்டு வந்து அம்புக்குறியில் காட்டும். பழைய எக்செல்லுக்கு அடுத்த ஷீட்டில் போய் எடுக்கத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது. அம்புக்குறியையே காட்டாமல் கமுக்கமாக இருந்துவிடும்.

"அம்பு இல்லைன்னா என்னங்கக்கா பண்ணுனீங்க?"

"அதான் ஆபீஸ்ல கேட்டனே. கையில அடிச்சு உடுங்கன்னாங்க. அடிச்சுட்டிருக்கறேன்."

வெறும் ‘வேணும்’ என்று அடித்தாலும் மேக்ரோ ஓட வேண்டுமே. அப்படியானால் லாரி ஏன் பாதிப் பேருக்கு மட்டும் போகிறது? எனக்குப் புரியவில்லை. சாயங்காலம் போன் போடும் நேரமாகிவிட்டது. நீங்கள் வழக்கம்போலச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்று நாற்காலியை அவருக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

"ஒண்ணு மட்டும் பார்த்தேன் கண்ணு" என்றார் போனை எடுத்துக்கொண்டே. "நல்ல மனுசங்களுக்கே லாரி போகமாட்டேங்குது. வெடுக்குன்னு பேசறவங்களுக்கெல்லாம் டாண்ணு போயிருது."

முதல் பண்ணை. "ஏனுங்க, நாளைக்குத் தீவனம் வேணுங்களா?" ஸ்பீக்கரில் பதில் வந்தது. "வேணுங்க அம்மணி." அக்கா நிதானமாக ஒவ்வொரு ஆங்கில எழுத்தாக அடித்தார், ‘வேணுங்க’.

அடுத்த பண்ணை. "வேணும் வேணும், காலையிலயே அனுப்பு, அப்பறம் லேட்டாப்போச்சுன்னு கதை சொல்லாத." பட்டென்று வைத்துவிட்டார். அக்கா அடித்தார், ‘வேணும்’.

நான் அக்காவின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மேக்ரோவுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான். ‘வேணும்’ என்று இருந்தால் லாரியில் சேர், வேறு எது இருந்தாலும் விட்டுவிடு. அம்புக்குறி இருக்கிற இடத்தில் வேறு எதுவும் வர வாய்ப்பில்லை. இங்கே அம்புக்குறி இல்லை, அக்கா காதில் விழுந்ததை மாற்றாமல் அடித்திருக்கிறார். மரியாதையாகக் கேட்டவருக்கெல்லாம் தீவனம் இல்லை, அதட்டியவருக்கெல்லாம் உண்டு. கோயமுத்தூர் ஜில்லாவிலும் திருப்பூர் ஜில்லாவிலும் இந்தக் கணக்கில் ஓடினால் ஊரே பட்டினிதான்.

"ஏனக்கா, அவங்க ங்க போட்டாலும் நீங்க வேணும்னே அடிச்சிருக்கலாமுங்களே?"

"அதெப்படி கண்ணு? அவரு மரியாதையாச் சொல்றாரு, நான் மொட்டையா எழுதறதா?"

இருவரும் சிரித்தோம், டீ ஆறிப்போகும்வரை சிரித்தோம்.

உடனே திருத்த உட்கார்ந்தேன். அவசரத்தில், சொல்லின் முதல் மூன்று எழுத்தை மட்டும் பார் என்று மேக்ரோவுக்குச் சொன்னேன். பட்டனை அமுக்கினால் எல்லாப் பண்ணைக்கும் லாரி. ஆங்கில எழுத்தில் வேணுங்கவுக்கும் வேண்டாங்கவுக்கும் முதல் மூன்று எழுத்து ஒன்றுதான். அக்கா திரையைப் பார்த்துவிட்டு, "வேண்டாங்கறவங்களுக்கும் அனுப்பிப்போட்டா ஊட்டு வாசல்ல கொட்டிட்டு வாரதா?" என்றார். அழித்துவிட்டு வேறு மாதிரி எழுதினேன். எந்தச் சொல்லின் வாலிலும் ங்க இருந்தால் முதலில் அதைக் கழற்றி வை, மிச்சம் என்ன சொல்கிறது என்று பார். அந்த இரண்டு சொற்களையும் அதே ஷீட்டின் ஓரத்துக்குக் கொண்டுவந்தேன். பழைய எக்செல்லிலும் அம்புக்குறி முளைத்தது. கையால் அடித்தாலும் தடுக்காமல் ஏற்றுக்கொள் என்றும் மாற்றி வைத்தேன். பட்டனை அமுக்கினோம். கேட்டவர் அத்தனை பேரும் பட்டியலில் இருந்தார்கள், மறுத்தவர் ஒருவரும் இல்லை.

மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சந்தோசமுங்க அம்மணி. இனிமேப்பட்டு யாரும் ங்க போடக் கூடாதுன்னு ஒரு சர்க்குலர் உட்டர்றேனுங்க."

"அது தேவையில்லைங்க சார். மேக்ரோவுக்கே சொல்லிக் கொடுத்துட்டேன்."

"சரிங்க. ஆனா ஆள் மாத்தறது முடிவாயிருச்சுங்களே. பக்கத்துல இருக்காங்களா? ஏனுங்க அம்மணி, திங்கக்கிழமையிலிருந்து நீங்க பொரிப்பகத்துக்கே வந்துருங்க. தப்பா நினைச்சுக்க வேண்டாம். சரிங்களா?"

எங்கள் பக்கத்தில் சரிங்களா என்று ஒருவர் கேட்டால் பதில் ஏற்கனவே தயாராக இருக்கும். சரிங்க. கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் சரிங்க, நிலத்தைப் பிரித்தாலும் சரிங்க. அந்தக் கேள்விக்கு வேறு பதிலை நான் கேட்டதே இல்லை. அக்கா போனைப் பார்த்தார். பிறகு மரியாதை ஒரு துளியும் குறையாமல் சொன்னார்.

"வேண்டாங்க."

 

"என்னங்க?" என்றார் மேனேஜர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ங்க போட்டு வந்த மறுப்பு அவர் காதில் மறுப்பாக ஏறவில்லை. என் மேக்ரோ முழித்த அதே முழி.

"வேண்டாங்கன்னு சொன்னேனுங்க. அம்பு இல்லைன்னு நான் சொன்னேன், யாரும் வந்து பார்க்கலீங்க. இப்ப இவ வந்து பார்த்துட்டா. தப்பு என் மேல இல்லீங்க. நான் எந்திரிக்க மாட்டேனுங்க."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். எடுத்துச் சொன்னேன்.

"சார், சோமனூர்ல தேதி புரண்டப்ப ஆளை மாத்துனீங்களா? அந்தப் பைல் நான் சோறு திங்கற நேரத்துல எழுதுனது. அக்கா எந்திரிச்சா அதைப் பார்த்துக்க நானும் இல்லைங்க. நாளைக்கு எந்த ஊர்ல எது நின்னாலும் பச்சைப் பட்டனை நீங்களே அமுத்திக்குங்க. உங்க மெஷின்ல ஓடுதுங்களே."

எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் வீட்டு வாடகை இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். "பேசிக்கலாமுங்க" என்று மேனேஜர் வைத்துவிட்டார். பேசிக்கலாம் என்றால் எங்கள் அலுவலகத்தில் எது வேண்டுமானாலும் அர்த்தம்.

திங்கட்கிழமை காலை என் மேசையில் எந்தக் கடிதமும் இல்லை. மேனேஜர் என்னைக் கண்டும் காணாததுபோல உள்ளே போனார். நான் காத்திருக்கவில்லை. பல்லடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புது ஆள் எடுத்தால் என்ன பேசுவது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.

"ஏனுங்க, பல்லடம் ஆபீஸ்ங்க."

அதே குரல். "எரர் ஏதாச்சும் வருதுங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லை கண்ணு. எல்லாம் ஓடுது."

"அம்புக்குறி இருக்குதுங்களா?"

"அது கெடக்குது அக்கட்ட. நான் தொடறதில்லை. ங்க போட்டேதான் அடிக்கறேன்."